மற்றவர் ஒருவர்

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் குழுத் தலைவர். கடற்படையில் துணைத்தளபதி பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடப்பக்கம் ஹெலிகாப்டர் பிரிவின் கமாண்டர். கூடப் பறப்பவர்கள் அவரைக் கழுகு என்று கூப்பிடுவார்கள், அவரும் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புவார். வலப்பக்கம் சட்ட அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சில் சிக்கனம், பென்சிலில் அதைவிடச் சிக்கனம். சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சிலால்தான் குறிப்பெடுப்பார். அவருக்கு அடுத்து என் தம்பி மகள். வழக்கறிஞர், பணியில் இறந்தவர்களின் குடும்பங்கள் சார்பாக அழைக்கப்பட்டவள். எதிரே நான், முப்பத்திரண்டு ஆண்டுகள் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன், பழைய ஆள் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவன். மூலையில் தனி மேசையில் எழுத்தர். வாசலுக்கு வெளியே ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டுப் பெயின்டர் காத்திருந்தார்; அவரையும் சேர்த்தால் ஏழு.

பெயின்டருக்கு அங்கே என்ன வேலை என்றால், நாங்கள் முடிவு செய்யும் பெயரை அவர்தான் புதிய ஹெலிகாப்டர் கொட்டகையின் நெற்றியில் எழுதவேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பெயரோ இன்னும் இல்லை.

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. கடற்படை நாற்பது ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருந்தது. பறக்கும் பிரிவுக்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆணைகளில் ‘கப்பல்களில் ஏற்றப்பட்ட ஹெலிகாப்டர்களும் அவற்றுக்குரிய ஆட்களும்’ என்று போட்டிருக்கும். விமானப்படைக்காரர்கள் ‘நீர்க்காக்கா’ என்று கேலி செய்வார்கள். இரண்டுக்கும் நடுவில் மரியாதையான பெயர் எதுவும் கிடையாது.

இரண்டு பெயர்கள் மேசைக்கு வந்திருந்தன. கமாண்டர் கொண்டுவந்தது ‘கடற்படை விமானிகள் படை’. சட்ட அதிகாரி எழுதித் தந்தது ‘கடற்படை வான் அணி’. பார்ப்பதற்கு இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தெரியும். அப்படியில்லை. பெயருக்குக் கீழே ஆணையின் முதல் விதி வரும். அந்தப் பிரிவின் உறுப்பினர் யார் என்று அது சொல்லும். விமானிகள் படை என்றால், சட்டையில் இறக்கைச் சின்னம் குத்திய விமானிகள் மட்டுமே உறுப்பினர்கள். வான் அணி என்றால் ஹெலிகாப்டரோடு மேலே போகிற எல்லாரும். புதிய கொட்டகையின் வாசலில் கறுப்புக் கல் சுவர் ஒன்று எழுப்பியிருந்தார்கள். பணியில் இறந்த உறுப்பினர்களின் பெயர்கள் அதில் வரும். ஐந்து விமானிகளின் பெயர்களைச் செதுக்கி முடித்துவிட்டார்கள். ஆறாவது பெயருக்கு இடம் அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தது. அது என் தம்பியின் இடம்.

என் தம்பி விமானி அல்ல.

இதை அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவன்தான். என் தம்பி மகளுக்குத் தெரியாது. அவளுடைய அப்பா விமானி என்றுதான் அவள் முப்பத்தொன்பது வயது வரை வளர்ந்தாள், படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘விமானியோட பொண்ணு’ என்று அறிமுகப்படுத்தியவனே நான்தான்.

பொய் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. செய்தித்தாளில் பிறந்தது. தம்பி விமானியாகத்தான் ஆசைப்பட்டான். கண் பரிசோதனையில் தேறவில்லை. மெக்கானிக்காகச் சேர்ந்தான். நான்கு வருடம் கழித்து வின்ச் வேலைக்குப் போனான். வின்ச் என்பது ஹெலிகாப்டரின் கதவோரம் இருக்கும் கம்பி ராட்டினம். கடலில் தத்தளிப்பவனைக் கொக்கியில் மாட்டி மேலே இழுப்பது அதுதான். முப்பத்தாறு வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, முழுகிக்கொண்டிருந்த சரக்குக் கப்பலிலிருந்து மூன்று மாலுமிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் கப்பலுக்கு எண்பது அடி தூரத்தில் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. விமானிகள் இருவரும் தங்கள் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார்கள். பின்னால் இருந்த மூன்று மாலுமிகளும் ஒவ்வொருவராகத் தண்ணீருக்கு மேலே வந்தார்கள். அவர்களை வெளியே தள்ளிவிட்டவன் வரவில்லை. மறுநாள் காலை செய்தித்தாளில் ‘ஹெலிகாப்டர் விமானி பலி, ஐவர் மீட்பு’ என்று போட்டான். எங்கள் அப்பா அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். கண் பரிசோதனையில் மகன் தேறாததை ஒருவரிடமும் சொல்லாத மனிதர் அவர். நான் ‘அப்பா, அது தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அந்த வாரம் எப்படிச் சொல்வது? அந்த வாரம் சொல்லாததை அடுத்த வாரம் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்குப் பிறகு குடும்பத்துக்கு நான் மூத்தவன் ஆனேன். அந்தக் கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்து அந்தப் பேச்சும் என் பொறுப்புக்கு வந்தது. தம்பி மனைவிக்கு உண்மை தெரியும். வீட்டில் எல்லாப் படங்களையும் துடைப்பாள். அந்த ஒன்றை மட்டும் துடைக்க மாட்டாள்.

குழுவுக்கு நான் வரும்போது ஒரு திட்டத்தோடுதான் வந்தேன். ஓட்டு நான்கு: தலைவர், கமாண்டர், சட்ட அதிகாரி, நான். தம்பி மகள் பேசலாம், ஓட்டுக் கிடையாது. நானும் சட்ட அதிகாரியும் வான் அணிக்குப் போட்டால், தலைவரை மட்டும் எங்கள் பக்கம் இழுத்தால் போதும். அந்தப் பெயர் வந்துவிட்டால் சுவரில் தம்பியின் பெயர் ஏறும். என்ன வேலை பார்த்தான் என்று யாரும் கேட்கப்போவதில்லை. குடும்பத்தின் மானம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசாமல் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலை பதினோரு மணிக்குக் கமாண்டர் ஆரம்பித்தார். நல்ல விமானிகள் எல்லாரும் விமானப்படைக்கோ தனியார் கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள், நெஞ்சில் கைவைத்துச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெயர் இருந்தால் நாலு பேர் தங்குவார்கள் என்றார். வான் அணி என்பது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கூப்பிடுகிற பெயர் மாதிரி இருக்கிறது என்றார்.

சட்ட அதிகாரி பென்சிலை நிறுத்தாமல் கேட்டார். "மொத்தம் எத்தன பைலட் இருக்கீங்க?"

"பதினோரு பேர்."

"அப்ப விளையாட்டு அணி கணக்கு சரியா இருக்கே. படைக்குத்தான் ஆள் பத்தாது."

தலைவர் சிரித்தார். கமாண்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. நான் மனதுக்குள் தலைவரை எங்கள் பக்கம் எழுதிக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்து என் தம்பி மகள் எழுந்தாள். நீதிமன்றத்தில் பழகியவள், குரலை உயர்த்த மாட்டாள், ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அவள் எந்தப் பெயருக்காகப் பேசப்போகிறாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்லவேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

அவள் விமானிகள் படைக்காகப் பேசினாள். எங்கள் அப்பாக்கள் கப்பலில் ஏற்றிய சாமான்கள் அல்ல என்றாள். ‘அவற்றுக்குரிய ஆட்கள்’ என்ற வரியைப் படித்துக் காட்டி, ஒரு பம்பு செட்டுக்குக்கூட இதைவிட மரியாதையாக எழுதுவார்கள் என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். ஹெலிகாப்டர் ஓரமாக என் தம்பி நிற்கிறான். கக்கத்தில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் இருபத்தொன்பது வயது.

"எனக்கு அப்பாவோட குரல் ஞாபகமில்ல," என்றாள். "மூணு வயசு. இந்தப் படமும் ஒரு பேப்பர் துண்டும்தான் எங்கிட்ட இருக்கு. அவர் பைலட். அத அப்படியே சொல்லுற ஒரு பேரு வெச்சுக் கொடுங்க. வேற எதுவும் கேக்கல."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அவர் ஓட்டு எந்தப் பக்கம் போய்விட்டது என்று பெயின்டருக்குக்கூடப் புரிந்திருக்கும்.

தன் அப்பாவின் பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிட அந்தப் பெண் தன் முழுத் திறமையையும் செலவழித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தடுக்கும் ஒரே வாக்கியம் என் வாயில் இருந்தது.

சட்ட அதிகாரி படத்தைத் தொடவில்லை. குறிப்பைப் பார்த்தபடி, ஆறாவது பெயருக்கு ஆவணம் ஒன்றும் கோப்பில் இல்லையே என்றார். ஆட்களின் பழைய கோப்புகள் எல்லாம் ஒரு வெள்ளத்தில் ஊறிப்போனது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கப்பல்களில் அன்றாடம் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் புத்தகங்கள் மாடியில் இருந்ததால் தப்பித்தன. அந்தத் தேதிக்குரிய லாக் புத்தகத்தை எடுத்து வந்தால் வேலை முடிந்தது, அரை மணி நேரம் ஆகும், அதற்குள் டீ குடிக்கலாம் என்றார். எழுத்தர் ஒரு சீட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு ஆவண அறைக்குக் கிளம்பினார்.

அந்த லாக் புத்தகத்தின் அந்தப் பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. விபத்து நடந்த நேரத்தில் கப்பலின் கடமை அதிகாரி நான்தான்.

டீ இடைவேளையில் நான் நடைபாதையின் கோடியில் இருந்த ஜன்னலுக்குப் போனேன். பெயின்டர் என்னைப் பார்த்து, பெயர் முடிவாகிவிட்டதா, சின்னதாக இருந்தால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன் என்றார். நான் பதில் சொல்வதற்குள் கமாண்டர் வந்துவிட்டார். கையில் இரண்டு டீ. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். தம்பி மகளிடம் கேட்டுத்தான் வாங்கி வந்திருந்தார்.

"ஐயா, முட்டிக்குப் பின்னால பாருங்க. ஒரு பட்டை தொங்குது."

பார்க்காமலே எனக்குத் தெரியும். கதவு ஓரத்தில் வேலை செய்கிறவன் விழாமல் இருக்க இடுப்பிலிருந்து ஹெலிகாப்டரின் தரைக்கு மாட்டும் பட்டை. அவர்கள் அதை வால் என்பார்கள்.

"ஹெல்மெட் எல்லாரும் போடுவோம். வால் பைலட்டுக்குக் கிடையாது," என்றார் கமாண்டர். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. மருத்துவர் நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "அவங்களுக்குத் தெரியாது, இல்லையா?"

"தெரியாது."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் டீயை ஊதினார். பிறகு சொன்னார். தான் கொண்டுவந்த பெயருக்கு நான் ஓட்டுப் போட்டால் போதும். எழுத்தர் தன்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். ஒரு போன் போட்டால் புத்தகம் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்புவார். செய்தித்தாளையே ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம், தானே முன்மொழிவதாகச் சொன்னார். தம்பியின் பெயர் விமானி என்றே கல்லில் ஏறும்.

"உங்க வீட்டு கௌரவம் எனக்கும் முக்கியம் ஐயா. அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தேன். எதுக்கு இப்ப போய்?"

உடனே மறுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. மறுக்கவில்லை. டீ தீரும் வரை யோசித்தேன். அவர் சொன்னதில் என் குடும்பத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. முப்பத்தாறு வருடம் நான் காத்துவந்ததைக் கல்லில் வெட்டித் தருகிறேன் என்கிறார். நஷ்டம் வேறு யாருக்கோ. வின்ச்சில் நிற்பவன், கதவோரம் படுத்துக்கொண்டு கம்பியைக் கையால் விலக்கிவிடுபவன், என்ஜினுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவன். அவர்கள் யாரும் எனக்கு உறவில்லை.

பிறகு ஹெலிகாப்டரோடு தம்பியின் உடலை மேலே தூக்கியபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பட்டை மாட்டியபடியே இருந்தது. மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நொடி வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் முறை செய்திருப்பான். அன்று முதலில் அந்த மூன்று பேரையும் தள்ளினான், தன்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இன்னொருவன் சட்டையை அவனுக்கு மாட்டி முன்னறையில் நிறுத்தியிருந்தேன்.

கமாண்டரிடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். "போன் போடாதீங்க," என்றேன்.

"யோசிச்சுதான் சொல்லுறீங்களா?"

"முப்பத்தாறு வருஷம் யோசிச்சாச்சு."

உள்ளே போனபோது எழுத்தர் வந்துவிட்டிருந்தார். நீல அட்டை போட்ட நீளப் புத்தகம். முதுகில் துணி நைந்திருந்தது. அதைச் சட்ட அதிகாரி முன்னால் வைக்கப் போனார். நான் எழுந்து நின்று, அதை நான் படிக்கலாமா என்று தலைவரிடம் அனுமதி கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார், ஆனால் சரி என்றார். தம்பி மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் கட்சிக்குப் பலம் சேர்க்கத்தான் பெரியப்பா எழுந்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அச்சடித்த படிவம். விமானி என்று ஒரு கட்டம், இணை விமானி என்று ஒரு கட்டம், இரண்டிலும் பெயர் எழுத இடம் உண்டு. மூன்றாவது கட்டம் மற்றவர். அதில் எண்ணிக்கை மட்டும். அன்றைக்கும் அதற்கு முன்பும் பின்பும் அதுதான் முறை. நான் படித்தேன்.

"‘மாலை நாலு நாற்பது. ஹெலிகாப்டர் கப்பலின் வலப்பக்கம் கடலில் விழுந்தது. மீட்கப்பட்டோர்: விமானி, இணை விமானி, சரக்குக் கப்பல் மாலுமிகள் மூவர். இழப்பு: மற்றவர் ஒருவர்.’"

விமானிகளின் பெயர்களையும் படித்தேன். அந்த இரண்டும் என் தம்பியின் பெயர் இல்லை.

"அந்த மற்றவர் என் தம்பி," என்றேன். "வின்ச் பாத்தான். பைலட் இல்ல. பேப்பர்ல தப்பாப் போட்டாங்க. நாங்க திருத்தல."

சட்ட அதிகாரியின் பென்சில் நின்றுவிட்டது. தம்பி மகள் எழுந்தாள். மெதுவாக மேசையைச் சுற்றி வந்து புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வரியின் மேல் வைத்து இரண்டு முறை படித்தாள். பிறகு என்னை அவள் பார்த்த பார்வை வீட்டுப் பார்வை அல்ல; கூண்டில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்பாவோட பேரு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன் பெரியப்பா ‘மற்றவர் ஒருவர்’னு எழுதினீங்க?"

"அந்தக் கட்டத்துல எண்ணிக்கைதான் எழுதணும். முறை அது."

"தண்ணிக்குள்ள போனது உங்க தம்பி. நீங்க முறை பாத்தீங்க."

விறைப்பாக நின்றேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். தாத்தாவுக்கு? தெரியும். என் கல்யாணத்துல? தெரிந்துதான் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலையை லேசாக ஆட்டினாள், எங்கோ குறித்துக்கொள்வதுபோல. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். நான் எதிர்பார்க்காததை அப்போதுதான் சொன்னாள். குழு உறுப்பினர் ஒருவர் இப்போது சாட்சியாகிவிட்டார். அவருடைய சாட்சியத்தின் மேல்தான் இறந்தவரின் பெயர் நிற்கிறது. சாட்சி சொன்னவர் அதே விஷயத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்றாள். நாளைக்கு எவனாவது வந்து, அண்ணன்காரன் ஓட்டுப் போட்டுத் தம்பிக்கு இடம் வாங்கிக் கொடுத்தான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கல்லுக்கு மரியாதை இல்லை என்றாள்.

தலைவர் சட்ட அதிகாரியைப் பார்த்தார். "சரிதான்," என்றார் சட்ட அதிகாரி, மனமில்லாமல். தன் பக்கத்து ஓட்டு ஒன்று போவது அவருக்குத் தெரியும்.

என் ஓட்டுப் போயிற்று. மிச்சம் மூன்று. கமாண்டர் எப்படிப் போடுவார் என்பதில் சந்தேகம் இல்லை. சட்ட அதிகாரியின் ஓட்டும் தெரிந்ததுதான். தலைவரோ அரை மணிக்கு முன்பு கண்ணாடியைத் துடைத்தவர். பொய்யைக் காப்பாற்றியிருந்தால் தம்பிக்குக் கல் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னதால் கல்லும் போய், அவன் மகளும் போய்விடுவாள் போலிருந்தது. உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தம்பி மகள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். தான் முன்னால் பேசியதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். அதற்குப் பதிலாக என்ன சொல்கிறீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு, ஒன்றும் சொல்வதற்கில்லை, தனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றாள். அன்று முழுவதும் அவள் குரல் உடைந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

சட்ட அதிகாரி வான் அணி என்றார். கமாண்டர் விமானிகள் படை என்றார். அதை அவர் தயங்காமல் சொன்னார். தான் நம்புவதைச் சொன்னார். அதற்காக நான் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

தலைவர் லாக் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, முந்தைய பக்கங்களைப் புரட்டினார். மற்றவர் இருவர். மற்றவர் ஒருவர். மற்றவர் மூவர். விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கமாண்டரிடம் கேட்டார். "இன்னிக்குக் காலையில பறந்தீங்களா?"

"பறந்தேன் சார். ஏழரைக்கு."

"பின்னால யாரு?"

"வின்ச்சுல மொட்டை. கூட ஒரு டெக்னீஷியன், சுருளின்னு சொல்லுவோம். ரெண்டு பேரும் நல்லவங்க சார். போன மாசம் கம்பி சிக்கினப்ப மொட்டை மட்டும் இல்லன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

"புத்தகத்துல என்ன எழுதினீங்க?"

கமாண்டரின் காதுமடல் சிவந்துவிட்டது.

"மற்றவர் இருவர், சார்."

தலைவர் புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்தார். வான் அணி என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் இனிமேல் பெயரும் எழுத இடம் விடவேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதையும் எழுதிக்கொண்டார். மணி ஒன்றேகால். வெளியே பெயின்டரிடம் சொன்னபோது, படைக்கு எழுதியிருந்தால் இரண்டு தடவை ஏணியை நகர்த்தியிருக்கவேண்டும், நல்லதாகப் போயிற்று என்றார். அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

நடைபாதையில் தம்பி மகளோடு ஐந்து நிமிடம் தனியாக நின்றேன். அங்கே பேசியதை இங்கே எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. அது குடும்பத்து விஷயம். ஒன்றை மட்டும் சொல்லலாம். அம்மாவிடம் இதை எந்த முகத்தோடு கேட்பேன் என்று கேட்டாள். கேட்கவேண்டியதை எல்லாம் என்னிடம் கேள், அவள் மேல் தப்பில்லை, மூத்தவர்கள் வாயைக் கட்டியதால் கட்டுப்பட்டிருந்தாள் என்றேன். அவள் தனியாக வாடகைக் காரில் ஏறிப் போனாள். நான் பஸ்ஸில் போனேன்.

அன்று மாலையே கல் செதுக்குபவருக்கு அவளிடமிருந்து ஒரு வேண்டுகோள் போயிருந்தது; குழுத் தலைவர் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். மற்ற ஐந்து பெயர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆறாவது பெயருக்குக் கீழே மட்டும் ‘வின்ச் இயக்கியவர்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. மறுநாள் காலை விழாவில் தம்பி மனைவி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். தாயும் மகளும் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கமாண்டர் வந்து தம்பி மனைவியிடம் ஏதோ சொன்னார். அவர் பின்னால் மொட்டையும் சுருளியும் நின்றார்கள். மொட்டைக்கு உண்மையிலேயே தலைநிறைய முடி இருந்தது.

வீட்டு முன்னறையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை நானே இறக்கினேன். உறவுக்காரர்களுக்கு நானே கடிதம் எழுதினேன், பதினேழு கடிதம். ஒவ்வொன்றிலும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். சிலர் போடவில்லை. தம்பி மகள் நான்கு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்; உள்ளே வந்து உட்கார்ந்து, அப்பா எப்படிப் பேசுவார் என்று கேட்டாள். சொன்னேன். முழுதாகச் சொல்ல மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

இதற்குள் உறவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அன்று குழுக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், நான் தம்பி மகளின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன் என்று. கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறார்களாம். அது தவறு. கூட்டத்தில் இல்லை, நடைபாதையில். யாரும் பார்க்கவில்லை. காலிலும் விழவில்லை. நின்றபடிதான் கேட்டேன்.